மேனேஜர் ஏன் துணி வீசுகிறார்?

அந்தச் சலவைக்கடைக்குள் முதல் தடவையாக நுழைகிறவர்கள் மேனேஜரிடம்தான் துணி மூட்டையை நீட்டுவார்கள். வாசலுக்கு நேராக ஒரு நாற்காலி. அதில் முழுக்கைச் சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு, இரண்டு உள்ளங்கைகளையும் முழங்காலில் பதித்தபடி, முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். பார்வையில் அப்படி ஒரு கண்டிப்பு. "நாளைக்குக் கிடைச்சிடுமா சார்?" என்று பணிவாகக் கேட்பார்கள். பதில் வராது. உள்ளே இஸ்திரி மேசையிலிருந்து ஒரு பெண் சிரித்துக்கொண்டே வந்து மூட்டையை வாங்கிக்கொள்வாள்.

"அவரு மேனேஜருங்க. சின்ன விஷயமெல்லாம் பேச மாட்டாரு. எங்கிட்ட சொல்லுங்க."

மேனேஜர் அவளுடைய சொந்தத் தம்பி. உடம்பு வளர்ந்த வேகத்துக்கு அறிவு வளராமல் போன பிள்ளை. அக்கா, மாமா, தண்ணி, வேணாம் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சில வார்த்தைகள்தான் அவன் வாயில் உண்டு. அவனுக்கு அவள் அக்கா என்பதால் தெருவுக்கே அவள் அக்காவாகிவிட்டாள். மேனேஜர் என்ற பட்டத்தைக் கொடுத்தது கடையின் மூலையில் உட்கார்ந்து, அறுந்த பொத்தானும் பிரிந்த ஓரமும் தைத்துத் தருகிற தையல்காரி. அவளுக்கு நாக்கு ஊசியைவிடக் கூர்மை. "சம்பளம் வாங்காத மேனேஜர் உலகத்திலேயே இவரு ஒருத்தருதான்" என்பாள்.

தாயார் போனபிறகு அவன் அக்காவிடம் வந்து சேர்ந்தான். கடைசி நாட்களில் அந்தத் தாய், மகளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அவனை வாசல்ல நிறுத்திடாதடி." அக்கா தலையசைத்தாள். அந்தத் தலையசைப்பில் எத்தனை பாரம் இருந்தது என்பது அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

அக்காவின் வீட்டுக்காரர் நல்ல மனிதர்தான். வேன் ஓட்டி, வீடுவீடாகத் துணி எடுத்து, வெளுத்த துணியைத் திருப்பிக் கொடுத்துவருவது அவர் வேலை. "உன் தம்பின்னா எனக்கு மச்சான். வரட்டும், ஒரு தட்டுச் சோறு கூடவா இல்லாம போயிடும்?" என்று மைத்துனனை வேனில் தன் பக்கத்திலேயே உட்காரவைத்து அழைத்துவந்தவர் அவரேதான்.

வந்த புதிதில் எல்லாம் தேனும் பாலுமாக இருந்தது. கடைக்கு வருகிறவர் போகிறவர் எல்லாம் அவனிடம் நின்று ஒரு வார்த்தை பேசினார்கள். தையல்காரி அவன் சட்டையில் ஒரு பூ தைத்துக் கொடுத்தாள். அப்புறம் புதுமை தீர்ந்தது. அவரவர் வேலை அவரவரை இழுத்துக்கொண்டது. அதற்குப் பிறகுதான் ஒரு நாள், தேய்த்து மாட்டிவைத்திருந்த சட்டை ஒன்று ஹேங்கரோடு பறந்துவந்து தரையில் விழுந்தது.

அக்கா திரும்பிப் பார்த்தாள். மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். கையில் அடுத்த சட்டை.

அன்று தொடங்கியது. மடித்து அடுக்கிய படுக்கை விரிப்புகள், கஞ்சி போட்ட வெள்ளைச் சீருடைகள், யாரோ ஒருவருடைய மகளின் பள்ளி விழாவுக்கு வைத்திருந்த பட்டுப் பாவாடை, எதுவும் தப்பவில்லை. எடுப்பான், வீசுவான், சில சமயம் ஏறி மிதிப்பான். ஒவ்வொரு தடவையும் அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஓடுவாள். மண்டியிட்டு அவன் இரண்டு கன்னங்களையும் பிடித்துக்கொண்டு அழுவாள்.

"ஏன்டா ராஜா இப்படிப் பண்றே? அக்கா என்னடா குறை வெச்சேன்? அம்மா மேலேர்ந்து பார்த்தா என்னடா நினைப்பா?"

தையல்காரி ஊசியைக் குத்திவைத்துவிட்டு வந்து நியாயம் பேசுவாள். வீட்டுக்காரர் இருந்தால் அவரும் வந்து கத்துவார். மூன்று பேரும் சுற்றி நிற்க, மேனேஜர் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்புதான் வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"பாரு, பாரு, சிரிக்கிறான் பாரு! உங்கம்மா வீட்டுல பூனைக்குட்டி மாதிரி இருந்தவன், நம்ம வீட்டுக்கு வந்ததும் புலியாயிட்டான். கொழுப்பு!"

அந்தப் பேச்சு அக்காவின் மனதில் முள்ளாகத் தைத்தது. கோபத்தால் அல்ல. அது உண்மையாக இருந்ததால். அம்மா வீட்டில் அவன் ஒரு டம்ளரைக்கூடத் தட்டிவிட்டதில்லை. பிறகு இங்கே ஏன்? அதே பிள்ளை, அதே சாப்பாடு, அம்மாவிடம் இருந்த பாசம் அக்காவிடமும் இருக்கிறது. என்ன குறைந்தது? இரவு படுத்தாலும் இந்தக் கேள்வி அவள் பக்கத்திலேயே படுத்துக்கொண்டது.

வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக வேறு கடை பார்க்கத் தொடங்கினார்கள். ஒரு நாள் வீட்டுக்காரர் வேனை நிறுத்திவிட்டு உள்ளே வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"பக்கத்து ஊர்ல ஒரு இல்லம் இருக்கு. போய்ப் பார்த்துட்டு வந்தேன். சுத்தமா இருக்கு. தோட்டம்லாம் போட்டிருக்காங்க. ஒரே ஒரு கட்டில் காலியா இருக்கு. மாசக் கடைசி வரைக்கும் நமக்காக வெச்சிருக்கேன்னாங்க."

"என்னங்க..."

"நான் துரத்தலம்மா. கடை போச்சுன்னா அவனுக்கும் சேர்த்துத்தானே சோறு போச்சு?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. அம்மாவுக்குக் கொடுத்த வாக்கிலும் பொய் இல்லை. இரண்டு உண்மைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட பெண்ணின் நிலையை என்னவென்று சொல்வது! அன்று அவள் தேய்த்த சட்டைகளில் தண்ணீர் தெளிக்க வேண்டியிருக்கவில்லை.

கடைசியாக ஒருவர் ஞாபகத்துக்கு வந்தார். தம்பி சிறுவயதில் போய்க்கொண்டிருந்த பயிற்சி மையத்தின் டீச்சர். இப்போது தலை நரைத்து, மூக்குக்கண்ணாடி தடித்திருந்தது. அக்கா கூப்பிட்டதும் வந்தார். வந்தவர் அறிவுரை எதுவும் சொல்லாமல், ஒரு மூலையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு மத்தியானம் முழுக்கச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

"யக்கா, இவங்க பாடம் நடத்த வந்தாங்களா, படம் பார்க்க வந்தாங்களா?" என்று தையல்காரி கிசுகிசுத்தாள்.

மாலை அக்கா தேநீர் கொண்டுவந்து கொடுத்தபோது டீச்சர் கேட்டார். "துணியை வீசினதும் என்ன நடக்குது?"

"நான் ஓடுறேன் டீச்சர். சமாதானம் பண்றேன், அழறேன்."

"வீசாம சும்மா உட்கார்ந்திருக்கான்ல, அப்ப என்ன நடக்குது?"

அக்கா யோசித்தாள். "அப்பவா? அப்ப ஒண்ணும் நடக்காது. அப்பாடா, சும்மா இருக்கானேன்னு நான் வேலையைப் பார்ப்பேன்."

சொல்லிமுடித்ததும் அவளுக்கே ஏதோ சுருக்கென்றது. டீச்சர் தேநீரை ஊதிக் குடித்தார்.

"அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்னு நாமதானே சொல்றோம். அவனும் அதைத்தான் கத்துக்கிட்டிருக்கான். வீசினா அக்கா முகம் பக்கத்துல வருது. வீசலன்னா முதுகுதான் தெரியுது. நீங்க திட்டினாலும் அவனுக்கு அது நீங்கதானே?"

"அப்ப நான் என்ன செய்யணும்?"

"அழறதுக்கு முன்னாலயே பாலைக் குடுங்க. குறிச்ச நேரத்துக்கு ஒரு தடவை வேலையை நிறுத்திட்டுப் போய் பக்கத்துல உட்காருங்க. ரெண்டு வார்த்தை பேசுங்க, தோளைத் தொடுங்க. அப்புறம் எழுந்து வந்துடுங்க. முதல்ல அடிக்கடி. பிறகு கொஞ்சம் கொஞ்சமா நேரத்தை நீட்டிக்கலாம்."

"சமர்த்தா இருந்தான்னா போகணும், அப்படித்தானே?"

"அங்கதான் எல்லாரும் தப்பு பண்றாங்க" என்று டீச்சர் விரலை ஆட்டினார். "சமர்த்துக்குப் பரிசு இல்ல இது. செஞ்ச வேலைக்குக் கூலியும் இல்ல. அவன் எப்படி இருந்தாலும் சரி, நேரம் வந்தா போகணும். அக்கா எப்படியும் வருவான்னு அவனுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னா, அக்காவை வரவழைக்கத் துணி எதுக்கு? நடுவுல வீசினா பேசாதீங்க, கத்தாதீங்க. முகத்தைக் காட்டாம துணியைப் பொறுக்கி வெச்சுட்டு வேலையைப் பாருங்க. அவனுக்கு அடிபடாம இருந்தா போதும்."

மூலையில் தையல்காரி வாயைப் பிளந்தாள். "வீசினாலும் போய்க் கொஞ்சணுமா? நல்லா இருக்கே! எங்க வீட்டுக்காரருக்கும் இப்படி ஒரு டீச்சர் கிடைச்சிருந்தா, பாத்திரத்தையெல்லாம் போட்டு உடைச்சிருப்பேன்."

"உங்களுக்கும் அவரு தினமும் ரெண்டு வார்த்தை பேசியிருந்தா, நீங்க உடைக்கணும்னே நினைச்சிருக்க மாட்டீங்க" என்றார் டீச்சர். தையல்காரி அதற்குப் பிறகு வெகுநேரம் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே இருந்தாள்.

நேரத்தை அறிந்துகொள்ள ஒரு சின்னக் கடிகாரம் வாங்கிக்கொள்ளச் சொன்னார் டீச்சர். அக்கா சிரித்துவிட்டாள். "எங்க கடையில எதுக்கு டீச்சர் கடிகாரம்? டிரையர் இருக்கே. துணி காய்ஞ்சதும் தானா நின்னு டிங்குனு மணி அடிக்கும். ஒவ்வொருத்தர் துணியையும் தனித்தனியா போடுறதால நாள் முழுக்க அடிச்சிக்கிட்டே கிடக்கும். எனக்குக் காதே புளிச்சுப்போச்சு." டீச்சரும் நின்று கேட்டுப் பார்த்தார். மணி அடித்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அடித்தது. சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

அந்த இரவு அக்கா படுக்கையில் எழுந்து உட்கார்ந்தாள். அம்மா! காய் நறுக்கும்போது, பாத்திரம் தேய்க்கும்போது, ஜன்னலில் நின்று தெருவைப் பார்க்கும்போது, அம்மா ரேடியோப் பெட்டி மாதிரி அவனிடம் பேசிக்கொண்டே இருப்பாளே! காரணம் எதுவும் இருக்காது. "வெயிலு அடிக்குதுடா. பால்காரன் இன்னும் வரலடா. இந்தக் கத்திரிக்காயில பூச்சி இருக்குடா." கடந்துபோகும்போதெல்லாம் அவன் தலையை ஒரு தடவை தடவிவிட்டுப் போவாள். அவன் எதையும் வீசிக் கேட்க வேண்டிய அவசியமே வந்ததில்லை. அக்காவுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

மறுநாள் காலை முதல் மணி அடித்தது. டிங்!

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். தம்பியிடம் போய்ப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவன் திடுக்கிட்டு அவளைப் பார்த்தான். தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். கையில் துணி இல்லையே, இவள் ஏன் வந்தாள் என்பது போல இருந்தது அந்தப் பார்வை.

"ஒண்ணுமில்லடா. சும்மாதான். வெளிய பாரு, அந்த நாய் யாரையோ பார்த்து வாலாட்டுது."

எழுந்து வந்தாள். அடுத்த டிங். மறுபடியும் போனாள். முதல் சில நாட்கள் துணி வீசத்தான் செய்தான். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு பொறுக்கி வைத்தாள். பிறகு வீச்சு குறைந்தது. ஒரு நாள், சட்டையைக் கையில் எடுத்தவன், டிரையரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தான். மணி அடிக்கும்வரை. தையல்காரி ஊசியை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யக்கா, மேனேஜரு திருந்திட்டாரு!"

வீட்டுக்காரர் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "புது வாரியல் நல்லாத்தான் பெருக்கும். பார்ப்போம்" என்றார். இல்லத்துக்குப் போன் பண்ணி வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து அடைமழை பிடித்துக்கொண்டது.

தெருவெல்லாம் குளிர். யாருக்கும் வீட்டில் துணி காயவில்லை. கம்பளிகளும் தடித்த போர்வைகளும் மெத்தை உறைகளும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. அக்காவுக்கு நிமிர நேரமில்லை. அப்போதுதான் அது நடந்தது. ஒரு சட்டை பறந்தது. பிறகு ஒரு தலையணை உறை. மறுநாள் இன்னும் அதிகம். மேனேஜர் எழுந்து நடப்பான், டிரையரின் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பான், திரும்பி வந்து கைக்குக் கிடைத்ததை வீசுவான். டீச்சர் சொன்னபடியே அக்கா செய்தாள். மணி அடித்தால் போனாள், நடுவில் முகம் காட்டவில்லை. ஆனாலும் ஏன்? எந்தப் பிசகும் இல்லாமல் அதே மருந்தைத்தானே கொடுக்கிறோம்? வியாதி ஏன் திரும்பியது?

மூன்றாம் நாள், ஓர் உணவகத்துக்கு மத்தியானத்துக்குள் போக வேண்டிய வெள்ளை மேசை விரிப்புகள் அத்தனையையும் அவன் இழுத்து வாசலில் போட்டான். மழைத் தண்ணீரும் செருப்புச் சேறும் சேர்ந்த தரை. விரிப்புகளை எடுத்துப்போக வேனை விட்டு இறங்கிய வீட்டுக்காரர் அவற்றை மிதித்துக்கொண்டுதான் உள்ளே வந்தார்.

அவர் கத்தவில்லை. அதுதான் அக்காவைக் குலைநடுங்க வைத்தது.

"நாளை கழிச்சுக் காலையில கிளம்பறோம். அவன் துணியெல்லாம் எடுத்து வை."

இவ்வளவுதான். அக்கா சேற்று விரிப்புகளுக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தோற்றுவிட்டோம் அம்மா, உன் பிள்ளையை வாசலில் நிறுத்தப்போகிறேன் அம்மா என்று உள்ளுக்குள் ஒரு குரல் கதறியது. கண்ணீர் மறைத்த கண்ணோடு தம்பியை நிமிர்ந்து பார்த்தாள்.

அவன் அவளைப் பார்க்கவில்லை. விரிப்புகளையும் பார்க்கவில்லை. டிரையரைப் பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளே ஒரு பருத்த கம்பளி, தண்ணீரில் விழுந்த எருமை மாதிரி மெல்லப் புரண்டுகொண்டிருந்தது. அவன் கண்ணாடியைத் தட்டினான்.

"டிங்" என்றான். அவன் வாயிலிருந்து அவள் அதுவரை கேட்காத வார்த்தை. "டிங்... வேணாம்."

வேணாம் என்பதுதான் அவனுக்குத் தெரிந்த ஒரே மறுப்புச் சொல். இல்லை என்பதற்கும் அதுதான். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டிங் இல்லையா?

"ஏண்டி" என்று தையல்காரியைக் கூப்பிட்டாள். "காலையிலேர்ந்து மணி அடிச்சுதா?"

"எங்க அடிச்சுது? நான் வந்ததிலேர்ந்து இந்த ஒரே கம்பளிதான் உருண்டுக்கிட்டுக் கிடக்கு. இது காயறதுக்குள்ள எனக்குப் பேரன் பொறந்துடுவான்."

அக்கா எழுந்து நின்றாள். சட்டையும் விரிப்பும் சட்டென்று காயும். மணி ஓயாமல் அடிக்கும். கம்பளி காய எவ்வளவு நேரம்! அது மாவாட்டுகிற மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும். மழை தொடங்கிய நாளிலிருந்து டிரையரில் பெரும்பாலும் கம்பளிதானே போட்டோம்? மணி அடித்தால் போகிறேன் என்று அவள் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தாளே, மணியே எப்போதோ ஒரு தடவைதானே அடித்தது! வருவாள் வருவாள் என்று டிரையரைப் பார்த்துப் பார்த்து, பிள்ளை பாவம், பழைய வழிக்கே திரும்பியிருக்கிறான். ஈரத் துணியின் கையில் நேரத்தைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கிறாள் அவள். சலவைக்காரியைத் தவிர வேறு யார் இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியும்?

"கடிகாரம் வேணும்டி. மணி அடிக்கிற கடிகாரம். இப்பவே!"

"முட்டை வேகவைக்க எங்க வீட்டுல ஒண்ணு இருக்கு. சாவி திருகினா அடிக்கும். அதுல மேனேஜரை வேகவைக்கலாமா பாருங்க" என்று சொல்லிக்கொண்டே தையல்காரி குடையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

அன்று மாலை அக்கா கணவர் முன்னால் போய் நின்றாள். கம்பளிக் கதையைச் சொன்னாள். அவர் நம்பியும் நம்பாமலும் கேட்டார்.

"இடத்தைக் குடுத்தா மடத்தைப் பிடுங்கற கதையா இருக்கு. வீசறவனைப் போய்க் கொஞ்சினா இன்னும் வீசத்தானே செய்வான்?"

"எனக்கும் முதல்ல அப்படித்தாங்க தோணிச்சு. நாளைக்கு ஒரு நாள் வேனை எடுக்காதீங்க. கடையில நின்னு உங்க கண்ணாலயே பாருங்க. அப்புறம் நீங்க என்ன சொல்றீங்களோ அது. நானே அவன் துணியை மடிச்சு வைக்கறேன்."

மறுநாள் அவர் கடைக்குள் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். முட்டைக் கடிகாரம் இஸ்திரி மேசையில் டிக் டிக் என்று ஓடியது. ஆனால் தம்பி அதை நம்பவில்லை. முந்தின நாட்களின் ஏமாற்றம் அவன் உடம்பில் இருந்தது. உட்காராமல் அலைந்தான். அடுக்கிவைத்த சீருடைகளின் பக்கம் போனான். அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். இதோ மணி அடித்துவிடும், ராஜா, இதோ...

அவன் அடுக்கின் மேலே இருந்த சீருடையை உருவி வீசினான். அது தரையில் விழுந்த அதே நொடியில் கடிகாரம் கணகணவென்று அடித்தது.

அக்கா தம்பியின் பக்கம் திரும்பினாள்.

"போகாதே" என்றார் வீட்டுக்காரர். குரல் தாழ்ந்திருந்தது. "இப்ப போனேன்னா, அது அவன் வீசினதுக்குத்தான்னு ஆயிடும். போகாதே."

அக்கா கணவரின் முகத்தைப் பார்த்தாள். அவர் சொல்வது நியாயம் போலவே இருந்தது. போனால் கணவர் வெறுத்துவிடுவார், நாளை காலை வேன் கிளம்பும். போகாவிட்டால்? போகாவிட்டால் மணியும் பொய்யாகிவிடும். அக்கா எப்படியும் வருவாள் என்பது, அக்கா இஷ்டப்பட்டால் வருவாள் என்றாகிவிடும். பரிசு இல்லை, கூலி இல்லை என்றாரே டீச்சர். அப்படியானால் போகாமல் இருப்பதை அபராதமாக்கவும் கூடாது.

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். தரையில் கிடந்த சீருடையைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். அதைக் குனிந்தும் பார்க்கவில்லை. தம்பியின் நாற்காலிக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, காலி நாற்காலியைக் கையால் தட்டினாள்.

"வாடா. மழை விட்ட மாதிரி இருக்கு. எதிர்வீட்டு ஜன்னல்ல யாரோ செடி வெச்சிருக்காங்க, பாரு."

அவன் சீருடையைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். மறுபடியும் சீருடை. கன்னத்தைப் பிடிக்கவில்லை, அழவில்லை, கேள்வி கேட்கவில்லை. ஆனாலும் வந்திருக்கிறாள்! மெதுவாக வந்து உட்கார்ந்தான். அவள் செடியைப் பற்றி ஏதோ சொன்னாள். பிறகு தோளைத் தட்டிவிட்டு எழுந்துபோனாள். வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கடிகாரம் மறுபடியும் அடித்தது. போனாள். மறுபடியும். போனாள். ஒரு தடவை அவன் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான், ஒரு தடவை மூக்கைக் குடைந்துகொண்டிருந்தான், ஒரு தடவை தையல்காரியின் நூல்கண்டை உருட்டிக்கொண்டிருந்தான். எல்லாத் தடவையும் போனாள். மதியத்துக்கு மேல் அவன் அலைவது நின்றது. வீட்டுக்காரர் கட்டியிருந்த கைகளை எப்போது அவிழ்த்தார் என்று யாருக்கும் தெரியாது. அவர் இப்போது மைத்துனனைக் கவனிக்கவில்லை, கடிகாரத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார். அடிக்கப் போகிறது என்றால் மைத்துனன் என்ன செய்கிறான் என்று திரும்பிப் பார்ப்பார். சாவி தீரத் தீர அவன் கழுத்து மெல்ல அக்காவின் பக்கம் திரும்புவதையும், கைகள் முழங்காலிலேயே இருப்பதையும் பார்த்தார்.

"வேடிக்கையா இருக்கே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

சாயங்காலம் கூட்டம் வந்தது. அக்கா கையில் மெல்லிய பட்டுச் சேலை, சூட்டில் ஒரு கணம் தவறினாலும் பொசுங்கிவிடும். எதிரே சேலைக்குச் சொந்தக்கார அம்மாள் நின்றுகொண்டிருந்தார். அப்போது கடிகாரம் அடித்தது. அக்கா தவித்துப்போய் நிமிர்ந்தாள்.

"நீ தேயி" என்றார் வீட்டுக்காரர்.

அவர் போய் ஸ்டூலில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் என்ன பேசுவது என்று தெரியவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. வேட்டைக்குப் போனவன் வில்லை மறந்த மாதிரி விழித்தார். தொண்டையைச் செருமினார்.

"என்ன மச்சான். வண்டியில பிரேக் சரியில்ல. பார்க்கணும்." இடைவெளி. "டயரும் தேய்ஞ்சுபோச்சு."

மூலையில் தையல்காரி வாயில் துணியை வைத்து அடைத்துக்கொண்டாள். மேனேஜர் மிகவும் கவனமாகக் கேட்டான். பிறகு, அக்கா தனக்குச் செய்வது போலவே, மாமாவின் தோளில் கையை வைத்து இரண்டு தட்டுத் தட்டினான்.

"மாமா" என்றான்.

வீட்டுக்காரர் உடனே எழுந்திருக்கவில்லை. சேலை தேய்த்து முடிந்து, அந்த அம்மாள் வாங்கிக்கொண்டு போனபிறகும் அங்கேயே இருந்தார். பிறகு வாசலுக்குப் போய்ச் செல்போனை எடுத்தார். மழைத்தூறல் சத்தத்துக்கு மேலே அவர் குரல் கடைக்குள் கேட்டது.

"நாளைக்கு வரதா சொல்லியிருந்தோமே, அவங்கதான். இல்லங்க, வரல. கட்டிலை வேற யாருக்காவது குடுத்துடுங்க."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள்.

"குணமாயிடுச்சான்னா கேக்கறீங்க? சேச்சே. காலையிலகூட ஒண்ணை வீசினான். நாளைக்கும் வீசலாம், யாரு கண்டா." அவர் கடைக்குள் திரும்பிப் பார்த்தார். இஸ்திரிப் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி மனைவி நின்றுகொண்டிருந்தாள். "ஆனா இப்ப ஏன் வீசறான்னு எங்களுக்குத் தெரியும்ங்க."